போலீசுக்கு வகுப்பெடுத்த சுதீர்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் சேலைக்குக் குச்சு கட்டும் பிரபாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் தம்பி சுதீரைத் தெரியாதவர்கள் இல்லை. துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவர் ஓரமாகவே நடந்து, எதிரில் யார் வந்தாலும் நின்று வழிவிட்டு, அவர்கள் கடந்த பிறகே மறுபடி கால் எடுத்து வைக்கும் அந்த உயரமான ஆளைக் காய்கறி வண்டிக்காரரிலிருந்து மாவு மில்காரர் வரை எல்லோரும் அறிவார்கள். சுதீருக்கு முப்பது தாண்டிவிட்டது. மீசையை மட்டும் பிரபாதான் இன்னும் கத்தரித்துவிடுகிறாள்.

சுதீருக்கு ஆட்டிசம். சின்ன வயதில் வெகுநாள் பேச்சே வரவில்லை. வந்த பிறகும் அளந்துதான் வந்தது. ஒரு கேள்வி அவன் காதில் விழுந்து, உள்ளே எங்கெங்கோ சுற்றிப் பதிலாகி வெளியே வருவதற்குள், கேட்டவர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். அந்த அடுத்த கேள்வி, பாதி வழி வந்த பதிலைக் கலைத்துவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போனது. "தோசையா, உப்புமாவா?" என்று கேட்டுவிட்டு பிரபா அடுப்பைப் பற்றவைப்பாள், பாலைக் காய்ச்சுவாள், வாசலைப் பெருக்குவாள். அதற்குள் பின்னாலிருந்து "தோசை" என்று பதில் வந்து சேரும்.

அப்பா கோவிந்தராஜன் அரசு அலுவலகம் ஒன்றில் ஜீப் ஓட்டியவர். காக்கிச் சட்டைக்காரர். பெங்களூரில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. டிராபிக் போலீஸ் கை காட்டினால், எதற்கு என்று கேட்கக் கூடாது. வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, கைகூப்பி, கன்னடத்தில் "தப்பாய்து சார்" என்று சொல்லிவிட வேண்டும். தப்பு நடந்துவிட்டது ஐயா என்று அர்த்தம். சிவப்பு விளக்கைத் தாண்டினோமா, ஹெல்மெட் வாரைப் போடவில்லையா என்பதெல்லாம் பிறகு. முதலில் தப்பாய்து சார். பாதி நாள் அதோடு விட்டுவிடுவார்கள். கோவிந்தராஜன் வேலை பார்த்த காலம் முழுக்க இந்த இரண்டு சொல்லால் தப்பித்து வந்தவர்.

அதைத்தான் மகனுக்கும் சொல்லிக்கொடுத்தார். காக்கிச் சட்டை முன்னால் வந்து நின்றால் நில், கையைக் கூப்பு, தப்பாய்து சார் சொல். வீட்டுக் கூடத்திலேயே பயிற்சி நடந்தது. டியூட்டி முடிந்து வந்த காக்கிச் சட்டையோடு அப்பாவே போலீஸாக நின்று, "ஏய், யாரது?" என்று மிரட்டுவார். சுதீர் கைகூப்புவான். பிரபா கை தட்டுவாள். சுதீரிடம் ஒன்று படிய நாளாகும். படிந்தால் அசைக்க முடியாது. இனி பிள்ளையை எவனும் ஒன்றும் செய்ய மாட்டான் என்ற நிம்மதியோடு கோவிந்தராஜன் கண்ணை மூடினார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். பிறகு அந்த வீட்டில் அக்காளும் தம்பியும்தான்.

பிரபா எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள். ஆனால் விரல்களுக்குக் கண் உண்டு. முந்தானை ஓரத்து நூலைப் பிரித்து, முறுக்கி, மணி கோத்து அவள் கட்டும் குச்சில் ஒரு முடிச்சு ஒரு நூல் அளவு பெருத்திருந்தாலும் அந்த வரிசை முழுவதையும் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுவாள். சிவாஜிநகரில் ரியாஸ் பாயின் சேலைக்கடையிலிருந்து வேலை வரும். கொண்டுபோய்க் கொடுப்பதும் வாங்கி வருவதும் சுதீரின் பொறுப்பு. மடிப்புக் கலையாமல் மெல்லிய பருத்தித் துணியில் சுற்றிப் பையில் அடுக்குவான். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைக்காவிட்டால் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் போவான். கடையில் ரியாஸ் பாய், "அரே சுதீர் மியா, வந்துட்டியா! இப்பத்தான் எனக்கு நாள் ஆரம்பம்" என்பார். சுதீர் பையைக் கொடுத்துவிட்டு "குச்சு" என்பான். ஒரு சேலையில்கூட ஒரு சுருக்கம் விழுந்ததில்லை. தன் தம்பி சம்பாதிக்கிறான் என்பதை பிரபா யாரிடமும் சாதாரணமாகச் சொன்னதில்லை. தலையை நிமிர்த்தித்தான் சொல்வாள்.

அந்தப் பெருமைக்குத்தான் போன வருஷம் வரமகாலக்ஷ்மி விரதத்துக்கு முந்தைய வாரம் ஆபத்து வந்தது. பட்டுச் சேலை வேலை குவிந்திருந்த நேரம். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு அருகே வரிசையாக நின்ற ஸ்கூட்டர்களின் கண்ணாடிகளைச் சுதீர் ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டே போயிருக்கிறான். கோணலாக இருந்தால் அவனுக்குப் பொறுக்காது. யாரோ "வண்டியைக் குடையறான்" என்று கூவ, காக்கிச் சட்டை வந்தது.

"யாரப்பா நீனு? யாருது இந்த பேக்?"

சுதீர் நின்றான், கைகூப்பினான். "தப்பாய்து சார்."

பையைத் திறந்தால் உள்ளே பட்டுச் சேலைகள். எங்கிருந்து எடுத்தாய் என்றார் போலீஸ்காரர். தப்பாய்து சார். கூட யார் என்றார். தப்பாய்து சார். கையைப் பிடித்து இழுத்ததும் சுதீர் அலறி, தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொண்டான். ஊனமுற்றோர் அடையாள அட்டை பையின் அடியில், சேலைகளுக்குக் கீழே இருந்தது. அவ்வளவு ஆழத்துக்கு யாரும் கைவிடவில்லை. சரக்கு வரவில்லையே என்று ரியாஸ் பாய் தேடிக்கொண்டு வந்து, ஸ்டேஷன் வாசலில் நின்று சத்தம் போட்ட பிறகுதான் விஷயம் விளங்கியது. யாரும் அடிக்கவில்லை. தண்ணீர்கூடக் கொடுத்திருந்தார்கள். ஆனால் பிரபா போய்ச் சேர்ந்தபோது, பெஞ்சில் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டு, வந்தவர் போனவர் எல்லோரையும் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தான்.

அன்றோடு பிரபா கதவைப் பூட்டினாள். சேலைப் பையைத் தானே தூக்கினாள். சுதீர் வழக்கமாகக் கிளம்பும் வேளைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு கதவருகே வந்து நிற்பான். அவள் "இன்னிக்கு வேணாம் சுதி" என்பாள். அவன் நிற்பான். அவள் வெளியே பூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வரும்போதும் அங்கேயே நிற்பான். சில மாதங்களில் நிற்பதையும் விட்டுவிட்டான். வீட்டிலிருந்த பழைய பேப்பரை எல்லாம் சேலை மாதிரி மடித்து அடுக்கினான். சாப்பாடு குறைந்தது. கேள்விக்குப் பதில் வருவது இன்னும் தாமதமானது. சில நாள் வரவே இல்லை.

இந்த நிலையில்தான் ஸ்ரீரஞ்சனி வீட்டுக்கு வந்தாள். சுதீர் சில வருஷம் முன்பு போன பகல்நேரச் சிறப்புப் பயிற்சி மையத்தில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள். இப்போது ஒரு சிறிய அமைப்போடு சேர்ந்து, வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களிடம் எப்படிப் பேசிப் பழகுவது என்று போலீஸ்காரர்களுக்கு வகுப்பு நடத்துகிறாள்.

"பிரபாக்கா, சுதீர் எங்கூட வரணும்."

"எதுக்கு?"

"வகுப்பு எடுக்க."

"என்ன கிண்டலா? போலீசப் பாத்தாலே கையைக் கடிச்சுக்கறான். அவனக் கொண்டுபோய் ஒரு ஹால் நிறையப் போலீசுக்கு நடுவுல நிறுத்தணுமா?"

"படம் போட்டு, பேசி, எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன்க்கா. தலையாட்டறாங்க, டீ குடிக்கறாங்க, போறாங்க. நேர்ல ஒருத்தர் கிட்ட பேசிப் பாத்தாத்தான் அவங்களுக்குப் புரியும்."

"அதுக்கு என் தம்பிதான் கெடச்சானா? நானே பையைத் தூக்கிட்டுப் போறேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

"எவ்வளவு நாள் தூக்குவீங்க?"

"சாவுற வரைக்கும்."

"அப்புறம்?"

பிரபா கட்டிக்கொண்டிருந்த முடிச்சு கோணலாகிவிட்டது. அதை அவிழ்த்துக்கொண்டே, "நானும் கூட வருவேன். அவன் ஒரு தடவ முகம் சுளிச்சாலும் கூட்டிட்டு வந்துடுவேன்" என்றாள்.

வகுப்பு போலீஸ் குடியிருப்பை ஒட்டிய ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்தது. பல ஸ்டேஷன்களிலிருந்து வந்திருந்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்த பிரபா முன்வரிசையைப் பார்த்தாள். தடித்த மீசை, கனத்த குரல். ஹெட் கான்ஸ்டபிள் ப்ரஹ்லாத். அன்று பஸ் ஸ்டாண்டில் சுதீரின் கையைப் பிடித்து இழுத்தவர் அவர்தான். எழுந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று அவள் பையை எடுப்பதற்குள் ஸ்ரீரஞ்சனி கேட்டுவிட்டாள்: "இவரு தெருவுல பையோட நிக்கறாரு. யாரு வந்து விசாரிக்கறீங்க?"

"நானே வர்றேன் மேடம்" என்று ப்ரஹ்லாத் எழுந்தார்.

சுதீர் நடுவில் நின்றான், மார்போடு பை. ப்ரஹ்லாத் வழக்கம்போல எதிரே நெருங்கி நின்று, வழக்கமான குரலில், "யாரப்பா நீனு? பேக்னல்லி ஏனிதெ?" என்றார்.

சுதீர் கைகூப்பினான். "தப்பாய்து சார்."

கூடமே சிரித்தது. ப்ரஹ்லாத் சிரிக்கவில்லை. பையில் என்ன என்று மறுபடி கேட்டார். தப்பாய்து சார். யாருடையது? தப்பாய்து சார்.

"சரி, இப்ப என்ன எழுதுவீங்க?" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

"ஒத்துக்கிட்டார்னு எழுதுவேன்" என்றார் ப்ரஹ்லாத். பிறகு குரல் இறங்கி, "அன்னிக்கும் அப்படித்தான் எழுதினேன்" என்றார்.

கூடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பிரபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தம்பி பயந்து உளறியிருப்பான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவன் உளறவில்லை. சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு எழுத்து பிசகாமல் சொல்லியிருக்கிறான். தன்னையறியாமல் எழுந்து நின்றாள்.

"சார், அது எங்க அப்பா கத்துக்கொடுத்தது. அப்பா டிரைவர். போலீஸ் நிறுத்துனா மொதல்ல இதச் சொல்லிடணும்னு பழக்கிட்டாரு. அவன் எதையும் ஒத்துக்கல சார். மரியாதை குடுக்கறான்."

பிறகு டிராபிக்கில் வேலை பார்க்கும் ஒருவர், "ஐயோ சாமி, நானு தினமும் நூறு பேர் வாயால கேக்கறனே இத!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மறுபடியும் சிரிப்பு எழுந்தது. இந்த முறை அது சுதீரைப் பார்த்து எழுந்த சிரிப்பு அல்ல.

ஸ்ரீரஞ்சனி முறையை விளக்கினாள். நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில், ஒரு கை தள்ளி நிற்க வேண்டும். தொடக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, அதுவும் சின்னதாக. கேட்டபின் காத்திருக்க வேண்டும்.

"எவ்வளவு நேரம் மேடம்?"

"மனசுக்குள்ள ஒரு பாட்டோட பல்லவிய முழுசாப் பாடுங்க. பதில் வரலன்னா மறுபடி பல்லவியே. அடுத்த கேள்விக்குப் போகக் கூடாது."

ப்ரஹ்லாத் தள்ளி நின்றார். குரலைத் தணித்து, தமிழிலேயே, "பையில என்ன?" என்றார். காத்திருந்தார். உதடு அசைந்தது. காலை மாற்றி வைத்தார். கனத்த உடம்பு வியர்த்தது. பின்னாலிருந்து ஒருவர், "ஹெட் சார், சரணமும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார். ப்ரஹ்லாத் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி, சும்மா இரு என்று காட்டினார்.

சுதீர் கூப்பிய கையை மெல்லப் பிரித்தான். பையைத் திறந்தான். பருத்தித் துணியை விலக்கி, ஒரு சேலையின் முந்தானை ஓரத்தை எடுத்து விரித்துக் காட்டினான்.

"குச்சு" என்றான். பிறகு, "அக்கா கட்டினா. ரியாஸ் பாய்க்கு."

கூடத்தில் யாரும் கை தட்டவில்லை. சத்தம் அவனுக்கு ஆகாது என்று வகுப்பின் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தாள் ஸ்ரீரஞ்சனி. அத்தனை பேரும் கையை உயர்த்தி விரல்களை மட்டும் ஆட்டினார்கள். பிரபா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வகுப்பு முடிந்ததும் ப்ரஹ்லாத் அவளிடம் வந்தார். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல.

"அன்னிக்கு எழுதுனது சரின்னுதாம்மா நெனச்சேன். அவரே சொல்றாரேன்னு. தப்பு என்னுது."

"நீங்க மட்டும் இல்ல சார். நாங்களும்தான் கையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தோம்."

"இப்ப அத மாத்தணுமே. நீங்க சொன்னாக் கேப்பாரா?"

பிரபா யோசித்தாள். பல வருஷம் முன்பு, அது வேண்டாத பழக்கம் என்று தோன்றி ஒரு தடவை அவளே சொல்லிப் பார்த்ததுண்டு. சுதீர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அவன் இதக் கத்துக்கிட்டது காக்கிச் சட்டைகிட்ட சார். காக்கிச் சட்டை சொன்னாத்தான் மாத்திக்குவான்."

"அப்ப நான் சொல்றேன். பஸ் ஸ்டாண்டுலதான் எனக்கு டியூட்டி. கூட்டிட்டு வாங்க."

அடுத்தடுத்த நாட்களில் பிரபா தம்பியோடு சிவாஜிநகருக்குப் போனாள். முதல் நாள் பஸ்ஸை விட்டு இறங்கவே சுதீர் மறுத்தான்; அதே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். மறுநாள் இறங்கினான். ப்ரஹ்லாத் பக்கவாட்டில் வந்து நின்று, "சுதீர், தப்பு இல்ல. பேரு சொல்லு" என்பார். சுதீர் கைகூப்பித் தப்பாய்து சார் என்பான். "தப்பு இல்ல. பேரு சொல்லு." பஸ்கள் உறுமும், கண்டக்டர்கள் கூவுவார்கள், பழக்கடைக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அந்தப் பெரிய மனிதர் அசையாமல் நின்று பல்லவி பாடிக்கொண்டிருப்பார். ஒருநாள் பிரபா புளியோகரை கட்டிக்கொண்டு போய் நீட்டினாள். "டியூட்டில எதுவும் வாங்கறதில்லம்மா" என்று சொல்லிவிட்டார். பிறகு மூக்கை உறிஞ்சி, "பெருங்காயம் கொஞ்சம் தூக்கலோ?" என்றார்.

ஒரு மதியம், கைகூப்பப் போன சுதீர் பாதியில் நிறுத்தினான். ப்ரஹ்லாத்தின் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு, "சுதீர். ஆஸ்டின் டவுன். பிரபா அக்கா" என்றான். தொடர்ந்து அவளுடைய போன் நம்பரை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். ப்ரஹ்லாத் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். பிரபாவுக்கு அவர் காலில் விழவேண்டும் போல இருந்தது.

இனி அவனைத் தனியாக அனுப்ப வேண்டியதுதான் என்று ஸ்ரீரஞ்சனி சொன்னாள். ப்ரஹ்லாத்தும் சொன்னார். ரியாஸ் பாய், "நான் கடை வாசல்லயே நிக்கறேன் பிரபாம்மா, அனுப்புங்க" என்றார். பிரபா மட்டும் இன்றைக்கு மழை, நாளைக்குப் பந்த், அடுத்த வாரம் முகூர்த்தக் கூட்டம் என்று தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் ஒருநாள் சுதீர் செருப்பு மாட்டிக்கொண்டு கதவருகே வந்து நின்றான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அப்படி வந்து நிற்கிறான். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பையை அவன் கையில் கொடுத்துத் தாழ்ப்பாளை நீக்கினாள்.

அவன் போன பிறகு ஊசியில் நூல் கோக்கக்கூட முடியவில்லை. ரியாஸ் பாய்க்கு போன் செய்தாள்; இன்னும் வரவில்லை என்றார். மறுபடி செய்தாள், இன்னும் இல்லை. வழக்கமாகப் போய்ச் சேரும் நேரம் தாண்டிவிட்டது. செருப்பை மாட்டும்போது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"பிரபா மேடமா?" இளம் குரல். கன்னடம் கலந்த தமிழ். "நான் போலீஸ் மேடம். பயப்படாதீங்க. உங்க பிரதர் இங்க என் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு."

"என்ன பண்ணான் சார்?"

"ஒண்ணும் பண்ணல மேடம். பேக்க இறுக்கிப் புடிச்சுட்டு நின்னாரு, சும்மா யாருன்னு கேட்டேன். நானும் அந்த டிரெயினிங் வந்தவன்தான், பின்னாடி உக்காந்திருந்தேன். தள்ளி நின்னு கேட்டேன், வெயிட் பண்ணேன். பேரு சொன்னாரு, ஏரியா சொன்னாரு, உங்க நம்பரும் சொன்னாரு. எல்லாம் சரியா ஆச்சு."

"அப்புறம் என்ன சார்?"

"அப்புறம்தான் மேடம் பிராப்ளம்." குரலைத் தாழ்த்தினான். "போக மாட்டேங்கறாரு. என் கூடவே நிக்கறாரு. நான் பெஞ்சுல உக்காந்தா அவரும் உக்கார்றாரு. டீ குடிக்கப் போனேன், கூடவே வந்தாரு. கேள்வி எப்படி ஆரம்பிக்கணும்னு சொல்லிக்கொடுத்தாங்க, எப்படி முடிக்கணும்னு யாரும் சொல்லல மேடம். இப்ப நான் என்ன பண்றது?"

பிரபா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

"சார், விசாரணை முடிஞ்சதுன்னு அவனுக்குத் தெரியல. நீங்க சொல்லாம அவன் போக மாட்டான். 'முடிஞ்சது, ஹோகப்பா'ன்னு சொல்லுங்க. சொல்லிட்டு..."

"வெயிட் பண்றேன், தெரியும் மேடம்."

போனில் பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் கேட்டது. "சுதீர், முடிஞ்சது. ஹோகப்பா" என்ற குரல் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிரபாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரிச்சுட்டாரு மேடம். போறாரு. சுவர் ஓரமா போறாரு. யாருக்கோ வழி விடறாரு. ஆங், திரும்பிட்டாரு, கடைத் தெருப் பக்கம்."

"ரொம்ப நன்றி சார். உங்க பேரென்ன சார்?"

"ஐயோ, எதுக்கு மேடம் நன்றி? என் டீய அவருதான் குடிச்சாரு, அவர்தான் நன்றி சொல்லணும்" என்று சிரித்துவிட்டு, பேரைச் சொல்லாமலே வைத்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் ரியாஸ் பாயிடமிருந்து போன். "மியா வந்தாச்சு! சேலை கண்ணாடி மாதிரி இருக்கு."

பிரபா அன்றே ஸ்ரீரஞ்சனியிடம் நடந்ததைச் சொன்னாள். ஸ்ரீரஞ்சனி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அடுத்த வகுப்பிலிருந்து பாடத்தில் ஒன்று சேர்ந்தது: விசாரித்து முடித்ததும், முடிந்தது, நீங்கள் போகலாம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்த வகுப்புகளில் பையோடு நிற்பது சுதீர்தான். முடிந்தது என்று சொல்லாத போலீஸ்காரரின் பக்கத்திலிருந்து அவன் நகர மாட்டான். கூடம் முழுக்கக் காத்திருக்கும். யாராவது "அண்ணா, ஹோகப்பா சொல்லுங்க" என்று எடுத்துக்கொடுப்பார்கள். ப்ரஹ்லாத் ஓய்வு நாளில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, புதிதாக வந்தவர்களுக்குப் பல்லவி பாட்டு எதுவென்று யோசனை சொல்வார்.

இதெல்லாம் ஸ்ரீரஞ்சனி சொல்லித்தான் பிரபாவுக்குத் தெரியும். இந்த வகுப்புகளுக்கு அவள் போவதில்லை. சுதீர் காலையில் சேலைகளை ரியாஸ் பாய் கடையில் கொடுத்துவிட்டு, அங்கிருந்து பஸ் பிடித்து, ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்து, தனியாகவே வகுப்புக்குப் போய் வருகிறான்.